நீச்சல் குளத்தைச் சூடாக்க எது சரி: ஹீட் பம்ப், கேஸ், சோலார், எலக்ட்ரிக்?

மார்கழி பிறந்தால் குளம் வைத்திருக்கும் அடுக்குமாடிச் சங்கங்களிலும் நீச்சல் பள்ளிகளிலும் ஒரே பேச்சுதான். காலை வகுப்புக்குப் பிள்ளைகள் வருவதில்லை. வருகிற பிள்ளைகளும் பத்து நிமிடத்தில் உதடு நீலம் பாரித்துக் கரையேறிவிடுகிறார்கள். ஹீட்டர் போடலாம் என்று முடிவாகி மூன்று பேரிடம் கொட்டேஷன் கேட்டால் மூன்றும் மூன்று விதமாக வருகின்றன. ஒன்று கிலோவாட்டில் பேசும், ஒன்று பி.டி.யு. என்ற வெப்ப அளவில், ஒன்று பேனல் எண்ணிக்கையில். எதை எதோடு ஒப்பிடுவது என்றே தெரியாமல், கடைசியில் விலை குறைந்ததற்குக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

வாங்கும் விலையை வைத்து முடிவெடுக்காதீர்கள் என்பதுதான் நான் முதலில் சொல்ல விரும்புவது. தண்ணீரைச் சூடேற்றுவது ஒரு தடவைச் செலவு. இரவில் இழந்த சூட்டைக் காலையில் திரும்ப ஊட்டுவது தினசரிச் செலவு. எந்த ஹீட்டர் உங்களுக்கு ஆகும் என்பதை அந்த இரண்டாவது செலவுதான் தீர்மானிக்கும்.

## முதலில் அளந்துகொள்ள வேண்டியவை

யாருக்கு, எத்தனை டிகிரி? போட்டி நீச்சலுக்கு உலக நீர் விளையாட்டுக் கூட்டமைப்பின் விதி 25 முதல் 28 டிகிரி. புதிதாகக் கற்கும் சிறுவர்களுக்கு 29, 30 இருந்தால் நடுங்க மாட்டார்கள். மூட்டுவலிக்காகத் தண்ணீரில் பயிற்சி செய்யும் பெரியவர்களுக்கு இன்னும் சற்றுக் கூடுதலாக வேண்டும். எல்லோருக்கும் இருக்கட்டும் என்று 32-இல் வைத்தால் வேகமாக நீந்துகிறவர்களுக்குத் தலை சுற்றும், பில்லும் ஏறும்.

வாரத்தில் எத்தனை நாள்? தினமும் இறங்குகிற குளத்துக்கும் சனி ஞாயிறு மட்டும் இறங்குகிற பண்ணை வீட்டுக் குளத்துக்கும் ஒரே பதில் கிடையாது.

ஓர் இரவில் எவ்வளவு சூடு போகிறது? இதைக் கேட்காமலேயே பெரும்பாலோர் ஹீட்டர் விற்கிறார்கள். நீங்களே அளந்துவிடலாம். தானாக நிரப்பும் வால்வை மூடிவிட்டு, இரவு 7 மணிக்கு நீர்மட்டத்தில் ஒரு டேப் ஒட்டுங்கள். தெர்மாமீட்டரைக் கயிற்றில் கட்டி அரை மீட்டர் ஆழத்தில் விட்டு, சூட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். காலை 6 மணிக்கு இரண்டையும் மறுபடி பாருங்கள். 1.2 மீட்டர் ஆழமுள்ள குளத்தில் 1 மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியானால் கிட்டத்தட்ட அரை டிகிரி சூடு அதோடு போய்விடும். விடியும்போது டேப்புக்குக் கீழே 4 மில்லிமீட்டர் இறங்கியிருந்தால் 2 டிகிரி காற்றோடு போய்விட்டது என்று பொருள். திறந்தவெளிக் குளத்தில் சூடு இழப்பின் பெரும்பங்கு இப்படி ஆவியாவதில்தான். தரை வழியே, சுவர் வழியே போவது சொற்பம். குளம் சூடேறிய பிறகு ஆவியாவதும் கூடும். ஆகவே ஹீட்டர் போடும் முன் கிடைக்கும் அளவைக் குறைந்தபட்சம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மின் இணைப்பு, இடம், தண்ணீரின் உப்பு. உங்கள் இணைப்பின் அனுமதி லோடு எவ்வளவு, த்ரீ ஃபேஸ் இருக்கிறதா, மொட்டை மாடியில் நிழலில்லாத இடம் எவ்வளவு, நிரப்புவது போர் தண்ணீரா லாரித் தண்ணீரா. இவை தெரிந்தால்தான் கொட்டேஷனில் என்ன விட்டுப்போயிருக்கிறது என்று தெரியும்.

## ஒரே குளத்தில் நான்கையும் வைத்துப் பார்த்தால்

10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழம் உள்ள குளத்தை எடுத்துக்கொள்வோம். 60,000 லிட்டர். இதை 1 டிகிரி ஏற்ற 70 யூனிட் (கிலோவாட் மணி) வெப்பம் வேண்டும். இந்த எண் எல்லா ஹீட்டருக்கும் பொது; அந்த 70 யூனிட்டை எப்படிச் சம்பாதிக்கிறது என்பதில்தான் வித்தியாசம். கணக்குக்காக மின்சாரம் யூனிட் 9 ரூபாய், 19 கிலோ வணிக சிலிண்டர் 1,800 ரூபாய் என்று வைத்திருக்கிறேன். உங்கள் ஊர் விலையைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

| முறை | 1 டிகிரிக்கு | 5 டிகிரி ஏற்ற நேரம் | 5 டிகிரிக்குச் செலவு | கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|---|
| ஹீட் பம்ப், 18 கிலோவாட் வெப்பம் | வெப்பமான பகலில் 14 யூனிட், குளிரில் 20 யூனிட் | ஒன்று முதல் ஒன்றரை நாள் | ரூ. 630 – 900 | காற்றோட்டமான இடம், த்ரீ ஃபேஸ் பாதுகாப்பு |
| கேஸ், 75 கிலோவாட் வெப்பம் | சிலிண்டரில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் | 5 மணி நேரம் | ரூ. 3,150 | சிலிண்டர் வரிசை, உரிமம், புகைபோக்கி |
| சோலார், 40 சதுர மீட்டர் பேனல் | மோட்டார் ஓடும் செலவு மட்டும் | நல்ல வெயிலில், இரவில் குளத்தைக் கவரால் மூடினால் 4–5 நாள் | மிகக் குறைவு | மாடிக்கு ஏற்றும் மோட்டார், பேனலைக் கட்டுதல் |
| எலக்ட்ரிக் காயில், 18 கிலோவாட் | 70 யூனிட் | கிட்டத்தட்ட ஒரு நாள் | ரூ. 3,150 | கூடுதல் லோடு வாங்குதல் |

தினசரி இழப்பு 2 டிகிரி என்றால் மாதத்துக்கு, வெப்பமான பகலில் ஓட்டும் ஹீட் பம்புக்கு சுமார் 7,500 ரூபாயும் கேஸுக்கு 37,800 ரூபாயும் போகும். கவர் போட்டு இழப்பை ஒரு டிகிரிக்குக் குறைத்தால் இரண்டும் பாதி. சோலார் அதே ஒரு டிகிரியை வெயில் நாளில் தானே ஈடுகட்டிவிடும்.

## ஹீட் பம்ப்

ஏ.சி.யைத் திருப்பி வைத்தது போன்ற இயந்திரம் இது. வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை இழுத்துத் தண்ணீரில் போடுகிறது. 1 யூனிட் மின்சாரத்துக்கு மூன்றரை முதல் 5 யூனிட் வெப்பம் தரும். இந்த விகிதத்தைத்தான் சி.ஓ.பி. என்று எழுதியிருப்பார்கள்.

விற்பனைத் தாளில் பெரிய எழுத்தில் இருக்கும் சி.ஓ.பி. பெரும்பாலும் காற்று 26 டிகிரி, தண்ணீர் 26 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்ற சுகமான நிலைக்கானது. அதற்குக் கீழேயே சின்ன எழுத்தில் காற்று 15 டிகிரிக்கு இன்னொரு வரி இருக்கும். நீங்கள் ஹீட்டரைத் தேடுவதே குளிருக்குத்தான். ஆகவே அந்த இரண்டாவது வரியைப் படியுங்கள். அந்த வரியே இல்லாத தாளை நம்பி வாங்க வேண்டாம். கோவையில் ஜனவரி விடியலில் காற்று 18, 19 டிகிரிக்கு இறங்கும். மதியம் 29, 30 வரும். அதே இயந்திரம் விடியற்காலை 4 மணிக்கு ஓடுவதற்கும் மதியம் 1 மணிக்கு ஓடுவதற்கும் கணிசமான வித்தியாசம் உண்டு. மதியம் ஏற்றிவைத்து, மாலையில் கவர் போட்டு, காலை வரை காப்பாற்றுவதே மலிவு. உயர் அழுத்த இணைப்பு உள்ள வளாகங்களுக்குக் காலை, மாலை உச்ச நேரத்தில் கூடுதல் கட்டணமும் விழும் என்பதால் அவர்களுக்கு இதில் லாபம் இரட்டிப்பு.

இடம் முக்கியம். மோட்டார் ரூமுக்குள்ளேயே வைத்துவிடலாம் என்று பிளம்பர் சொல்வார், குழாய் வேலை அவருக்கு மிச்சம். ஒத்துக்கொள்ளாதீர்கள். ஹீட் பம்ப் வெளியே தள்ளுவது குளிர்ந்த காற்று. மூடிய அறையில் அதே குளிர்ந்த காற்றையே திரும்ப இழுத்துத் திணறும். முன்னால் திறந்தவெளி, சுற்றிலும் கைவிட்டுத் துடைக்கும் அளவு இடைவெளி கட்டாயம் வேண்டும்.

ஊட்டி, கொடைக்கானலில் நிலைமை வேறு. ஜனவரியில் உறைபனி விழும் இடத்தில் காற்றிலிருந்து சூட்டை இழுக்கும் காயிலிலேயே பனி படிந்துவிடும். தானாகப் பனியை உருக்கிக்கொள்ளும் மாடல் இல்லையென்றால் அங்கே வாங்குவது வீண்.

18 கிலோவாட் வெப்பம் தரும் இயந்திரம் இழுப்பது 4 கிலோவாட் அளவு மின்சாரம்தான். பெரும்பாலான வளாகங்களில் இருக்கும் லோடிலேயே அடங்கிவிடும்.

## கேஸ் ஹீட்டர்

வேகத்தில் இதற்கு ஈடு கிடையாது. வெளியே 8 டிகிரி இருந்தாலும் 30 டிகிரி இருந்தாலும் தரும் சூடு குறையாது. வெள்ளிக்கிழமை மதியம் பற்றவைத்தால் மாலையில் குளம் தயார். மாதத்தில் ஓரிரு வார இறுதிகள் மட்டும் ஆட்கள் வரும் பண்ணை வீட்டுக்கு இதுவே சரி. நாள் முழுதும் சூட்டைக் காத்து வைக்க வேண்டியதில்லை. வேண்டும்போது ஏற்றி, வேண்டாதபோது ஆறவிடலாம்.

ஆனால் கொட்டேஷனில் வராத செலவு அதிகம் இருப்பதும் இதில்தான். 75 கிலோவாட் வெப்பத்துக்கு மணிக்கு 7 கிலோ கேஸ் வேண்டும். ஒரு 19 கிலோ சிலிண்டரிலிருந்து தானாக ஆவியாகி வருவது மணிக்குச் சுமார் ஒரு கிலோ. குளிரில் அதுவும் குறையும். ஒரே ஒரு சிலிண்டரை மாட்டிவிட்டுப் பற்றவைத்தால் சிறிது நேரத்தில் சிலிண்டரின் வெளிப்புறம் வியர்த்து, பிறகு வெண்பனி பூத்து, சுடர் தாழ்ந்து, ஹீட்டர் எர்ரர் காட்டி நின்றுவிடும். ஆக ஏழெட்டு சிலிண்டரை வரிசையாக இணைக்க வேண்டும், அல்லது திரவ கேஸை ஆவியாக்கித் தரும் வேப்பரைசர் போட வேண்டும். எட்டு சிலிண்டர் என்றால் 152 கிலோ. 100 கிலோவுக்கு மேல் எல்.பி.ஜி. வைத்திருக்க உரிமம் தேவை. வீட்டு உபயோக சிலிண்டரை இதில் மாட்டுவது சட்டப்படி குற்றம். அதைச் செய்துதருகிறேன் என்று சொல்லும் ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும். நம் ஊரில் மோட்டார் ரூம் பெரும்பாலும் தரைக்குக் கீழேதான் இருக்கிறது. அங்கே கேஸ் ஹீட்டர் வைக்கவே கூடாது. தரைக்கு மேல், கீழ்மட்டத்திலும் காற்றுப் புகும் வழியோடு, புகைபோக்கி திறந்தவெளிக்குப் போகும்படி அமைக்க வேண்டும். புகைபோக்கி அடைபட்டால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. இந்த இரண்டு விஷயத்தில் செலவைப் பார்க்காதீர்கள்.

மலையில் காற்று மெலிவு. 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் சமவெளிக்கான பர்னர் முழுத் திறனில் சரியாக எரியாது. உயரத்துக்கு ஏற்ற மாடலா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

## சோலார்

குளியலறைக்கு மாடியில் வைக்கும் கண்ணாடிக் குழாய் ஹீட்டரோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது கொஞ்சத் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுபோகும் சாதனம். குளத்துக்கு வேண்டியது நிறையத் தண்ணீரை 2 டிகிரி ஏற்றுவது. அதற்குக் கண்ணாடி மூடாத கறுப்பு பிளாஸ்டிக் அல்லது ரப்பர் பேனல் போதும். குளோரின் தண்ணீரை நேராகவே அதில் ஓட்டலாம். குளத்துப் பரப்பில் பாதி முதல் முழு அளவு வரை பேனல் வேண்டும். தமிழ்நாட்டு வெயிலில் 40 சதுர மீட்டர் பேனல் நல்ல நாளில் சுமார் 140 யூனிட் வெப்பம் தரும், அதாவது 2 டிகிரி.

சிக்கல் உயரத்தில் வருகிறது. குளம் தரையில், பேனல் ஆறாவது மாடிக் கூரையில் என்றால் சாதாரண ஃபில்டர் மோட்டார் அவ்வளவு தூக்காது. தனி மோட்டார் போட்டால் மின்கட்டணம் வந்துவிடும். குளமே மொட்டை மாடியில் இருக்கும் புதிய அடுக்குமாடிகளுக்கு இதைவிடப் பொருத்தமான வழி கிடையாது.

சென்னைக்கு இன்னொரு சங்கடம் உண்டு. குளம் குளிர ஆரம்பிப்பதே வடகிழக்குப் பருவமழையில். அப்போதுதான் வானமும் மூடிக் கிடக்கும். புயல் காற்றுக்குப் பேனல் பறக்காமல் இறுக்கிக் கட்டவும் வேண்டும். கோவை, சேலம், மதுரைப் பக்கம் தை மாத வானம் தெளிவு என்பதால் அங்கே நன்றாக வேலை செய்யும். ஊட்டியில் கண்ணாடி மூடாத பேனல் வாங்கிய சூட்டைக் குளிர்காற்றிடமே திருப்பிக் கொடுத்துவிடும்.

## எலக்ட்ரிக் காயில்

விலை குறைவு, வைப்பதும் சுலபம், அதனால் ஏமாந்துபோவதும் சுலபம். ஹீட் பம்ப் 14 யூனிட்டில் செய்வதை இது 70 யூனிட்டில் செய்யும். 18 கிலோவாட் லோடு தனியாக வாங்க வேண்டும், கேபிளும் எம்.சி.பி.யும் மாற்ற வேண்டும். ஒன்றிரண்டாயிரம் லிட்டர் கொண்ட ஸ்பா தொட்டிக்கும் பிசியோதெரபி தொட்டிக்கும் மட்டும் இதைச் சொல்வேன்.

## கவர்: ஐந்தாவது வழியல்ல, முதல் வழி

குமிழ் வைத்த பிளாஸ்டிக் கவரைத் தண்ணீர்மேல் விரித்தால் ஆவியாவது கிட்டத்தட்ட நின்றுவிடும். குமிழ்ப் பக்கம் கீழே, வழுவழுப் பக்கம் மேலே இருக்க வேண்டும். சென்னையில் சுமாராக வெயில்படும் குளத்துக்குக் கவர் மட்டுமே போதும், ஹீட்டரே தேவைப்படாது என்ற நிலை அடிக்கடி உண்டு. முதலில் கவர் வாங்கி இரண்டு வாரம் பாருங்கள். மேலே சொன்ன டேப் அளவை மறுபடி எடுங்கள். பிறகு ஹீட்டரின் அளவை முடிவுசெய்தால் ஒரு சைஸ் சின்னதாகவே வாங்க முடியும்.

இதற்கும் செலவு உண்டு. 50 சதுர மீட்டர் கவரை ஓர் ஆள் கையால் இழுக்க முடியாது. ரோலர் இல்லாமல் வாங்கினால் ஒரு மாதத்தில் சுருட்டி மூலையில் போட்டுவிடுவார்கள். வெயிலும் குளோரினும் சேர்ந்து சில ஆண்டுகளில் குமிழை உதிர வைக்கும். கவருக்கு அடியில் வெயில் படாததால் குளோரின் செலவாகாமல் தேங்கும், அளவைக் குறைத்துப் போட வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது: இந்தக் கவர் குழந்தையைத் தாங்காது. மேலே கால்வைத்த பிள்ளை உள்ளே போய்விடும், கவர் மூடிக்கொள்ளும், மேலிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது. பூட்டுப் போட்ட வேலி இல்லாத குளத்துக்குக் கவர் வாங்காதீர்கள்.

## முதல் நாள் ஓட்டும்போது

எந்த ஹீட்டரானாலும் முதலில் ஃபில்டரை பேக்வாஷ் செய்து (தண்ணீரை எதிர்த்திசையில் ஓட்டி அழுக்கை வெளியேற்றி), பி.எச். 7.2 முதல் 7.6-க்குள் கொண்டுவாருங்கள். ஹீட்டருக்குள் எவ்வளவு தண்ணீர் போகிறது என்பதைக் கட்டுப்படுத்தும் பைபாஸ் வால்வைச் சரிசெய்து, குழாயில் காற்றுக்குமிழ் இல்லாமல் தண்ணீர் ஓடுகிறதா என்று பார்த்த பிறகே ஹீட்டரை ஆன் செய்ய வேண்டும்.

ஹீட் பம்பை முதல் முறை போடும்போது ஃபில்டர் மோட்டார் நிற்காமல் ஓடட்டும், கவரும் மேலே இருக்கட்டும். வெளிவரும் தண்ணீரில் கைவைத்துப் பார்த்து, ‘சூடே ஏறலையே’ என்று ஆளை அனுப்பச் சொல்கிறவர்கள் நிறைய. மணிக்கு 7,000 லிட்டர் ஓடும்போது 18 கிலோவாட் இயந்திரம் ஏற்றுவது 2 டிகிரிதான். கைக்கு அது தெரியாது. தெர்மாமீட்டரை உள்ளே போகும் குழாயிலும் வெளியே வரும் குழாயிலும் வையுங்கள். அடியில் தண்ணீர் சொட்டினால் ஓட்டை என்று பயப்படவும் வேண்டாம், ஏ.சி.யில் சொட்டுவது போல அது காற்றின் ஈரம். குளோரின் டெஸ்ட் கிட்டில் அந்தத் தண்ணீரைச் சோதியுங்கள். குளோரின் காட்டினால் மட்டும்தான் கசிவு. த்ரீ ஃபேஸ் இயந்திரத்துக்கு ஃபேஸ் வரிசை காக்கும் ரிலே கட்டாயம். டிரான்ஸ்ஃபார்மர் வேலை முடிந்து மின்சாரம் வரும்போது வரிசை மாறிவந்தால் கம்ப்ரஸர் தலைகீழாகச் சுற்றிக் கெட்டுப்போகும்.

கேஸ் ஹீட்டரில் புதுக் குழாய்க்குள் காற்று இருப்பதால் முதல் சில முறை பற்றாது. இதை அந்தத் தொழில் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும். பற்றவில்லை என்று திரும்பத் திரும்ப ஸ்விட்சைத் தட்டக்கூடாது. அணைத்த பிறகு சில நிமிடம் மோட்டார் ஓடி உள்ளிருக்கும் சூட்டைக் கழுவ வேண்டும், இல்லையென்றால் உள்ளே நிற்கும் தண்ணீர் கொதித்து உப்பு படியும்.

## ஓட்டுகிறவர் கவனிக்க வேண்டியவை

குளோரினைத் தானாகக் கலக்கும் டோசர் ஹீட்டருக்குப் பிறகுதான் இருக்க வேண்டும், நடுவில் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் ஒரு நான் ரிட்டர்ன் வால்வோடு. மாத்திரைக் குளோரினை ஸ்கிம்மரில் (மேல்மட்டத் தண்ணீரை இழுக்கும் வாயில்) போடும் பழக்கத்தை நிறுத்துங்கள்; மோட்டார் நின்றபோது கரைந்த அமிலத் தண்ணீர், மறுநாள் மோட்டார் போட்டதும் நேராக ஹீட்டருக்குள் போய்ச் செம்புக் குழாயை அரிக்கும். கோவை, திருப்பூர் போர் தண்ணீரில் இதற்கு நேர்மாறான தொல்லை: சூடேறியதும் சுண்ணாம்பு படியும். அங்கே பி.எச். 7.8-ஐத் தாண்டவிடக் கூடாது. ஹீட் பம்பில் டைட்டேனியம் குழாய் உள்ளதை வாங்கினால் அரிப்புக் கவலை இல்லை, சுண்ணாம்புக் கவலை மட்டும் இருக்கும்.

செட்டிங்கை வாட்ச்மேன், பயிற்சியாளர், சங்கச் செயலாளர் என்று மூன்று பேர் மாற்றினால் எந்தக் கணக்கும் நிற்காது. ஒருவர் பொறுப்பு. காலையில் தண்ணீர்ச் சூடும் மீட்டர் ரீடிங்கும் ஒரு நோட்டில். சூடு குறைந்து யூனிட் கூடினால் கவர் போடவில்லை, அல்லது ஃபில்டர் அடைத்திருக்கிறது.

## உங்கள் குளத்துக்கு எது

சென்னை அடுக்குமாடி, தரைமட்டக் குளம்: கவர், வேலி. அதற்கும் மேல் வேண்டுமென்றால் சின்ன ஹீட் பம்ப். ஆண்டில் மூன்று மாதம்தான் ஓடும். மே மாதத்தில் தண்ணீர் தானே 32-ஐத் தொடும், அப்போது கவரை எடுத்துவையுங்கள்.

கோவையில் தினமும் இரண்டு வேளை வகுப்பு நடத்தும் நீச்சல் பள்ளி: ஹீட் பம்ப், மதிய ஓட்டம், ரோலர் வைத்த கவர். கூரையில் இடமிருந்தால் சோலார் பேனலை முதலிலும் ஹீட் பம்பை அதற்குத் துணையாகவும் வைப்பது இன்னும் நல்லது. மேகமூட்டமான நாளுக்கு மட்டும் மின்சாரம் செலவாகும்.

ஏற்காடு, கொடைக்கானல் பண்ணை வீடு, எப்போதாவது வரும் ஆட்கள்: சிலிண்டர் வரிசைக்கு முறையான இடமும் உரிமமும் கிடைக்கும் என்றால் கேஸ். கிடைக்காது என்றால் பனி உருக்கும் ஹீட் பம்பை இரண்டு நாள் முன்னதாகவே ஆன் செய்ய ஓர் ஆள் வேண்டும்.

ஊட்டியில் ஆண்டு முழுதும் விருந்தினர் வரும் விடுதி: திறந்தவெளிக் குளத்தை எந்த ஹீட்டராலும் கட்டுப்படியாகச் சூடாக்க முடியாது. அங்கே ஹீட்டருக்கு முன் கூரையும் கண்ணாடிச் சுவரும் போட்டு, காற்றடிப்பதை நிறுத்துங்கள். அதற்குப் பிறகு கொட்டேஷன் வாங்குங்கள்.